பசைத் தடம்

எஞ்சினைச் சூடாக்கி வைக்காதே என்று
தொலைபேசியில் இரண்டு முறை சொல்லியிருந்தாள்.
சூடாக்கித்தான் வைத்தேன்.
குளிரில் முதல் முடுக்கலுக்கு
நீலப் புகை கொஞ்சம் வரும், அதனால்.

மனியடோடோ சமவெளியில் ஜூலை மாதம்
வேலிக் கம்பியும் வெள்ளையாய் விறைத்து நிற்கும்.
என் மாஸ்டாவின் முகப்பில் மட்டும்
பனி இல்லை.

நைரி வந்தாள். பால் டேங்கர் ஓட்டுகிறவள்.
எனக்குக் கை கொடுக்குமுன்
எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தாள்
காய்ச்சல் பார்ப்பதுபோல்.
"ராத்திரி தூங்கவில்லையா, இது?"

பிறகு பெட்ரோல் வாயின் கதவைத் திறந்து
உள்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன்.
பெரிய டர்போ, ஜப்பான் இன்டர்கூலர்,
முந்நூறு குதிரை.
"முந்நூறுக்கும் கொள்ளு எங்கே வாங்குகிறாய்?"
கொள்ளு என்றதும்
வாயை மூடிக்கொண்ட குதிரை நான் ஒருவன்தான்.

எங்கள் ஊர்ப் பம்பில் குழாய் இரண்டு:
தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றைந்து.
தொண்ணூற்றெட்டு வேண்டுமென்றால்
மலை தாண்டி ஒன்றரை மணி நேரம்.
மூன்று எண்தானே குறைச்சல் என்று
நான்கு குளிர்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அவளிடம் சொன்னது: "நல்லதாய்ப் பார்த்துத்தான் போடுவேன்."

புகைக்குழாயில் தன் சென்சாரைச் செருகிக் கட்டினாள்,
மீட்டரை என் மடியில் வைத்தாள்:
"எண்ணை மட்டும் படி. கதை வேண்டாம்."

நேர்ச்சாலை. மூன்றாம் கியர்.
டர்போ விசிலடித்து எழுந்தது.
பன்னிரண்டு, படித்தேன்.
பன்னிரண்டரை.
இறங்க வேண்டிய எண் ஏறிக்கொண்டே
பதின்மூன்று, பதின்மூன்றே மு—

காலை எடுத்துவிட்டாள்.
அதற்குள் எனக்கும் கேட்டுவிட்டது,
தகர டப்பாவில் சரளைக்கல்லைக் குலுக்கும் சத்தம்.
முன்பும் கேட்டிருக்கிறேன்.
ரேடியோவைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

"மூச்சு முட்டக் காற்று,
தொட்டுக்கொள்ள ஒரு துளி பெட்ரோல்.
பம்பு இன்னும் கம்பெனி போட்டதுதானே?"
ஆமாம் என்றேன். அன்று நான் சொன்ன முதல் உண்மை.
"பசித்தால் எஞ்சின் தன்னையே தின்னும், டகல்."

ஆறவிட்டுப் பிளக்குகளைக் கழற்றினாள்.
மூன்று பழுப்பாய், சாதாரணமாய்.
மூன்றாவது சிலிண்டருடையது எலும்பு வெள்ளை,
அதன்மேல் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள்.
மிளகா என்று சிரிக்கப் பார்த்தேன்.
"பிஸ்டன்," என்றாள்.

பதினான்காயிரம் டாலர் கேட்டிருந்தேன்.
பிளக் பெட்டியின் முதுகில் எழுதினாள்:
பம்பு. இன்ஜெக்டர் நான்கு. பிஸ்டன்.
புதிதாய் ட்யூனிங்.
கழித்துக் கழித்து ஐயாயிரத்து அறுநூறில் நின்றாள்.
வாய் திறந்தேன்.
"இன்னும் ஒரு வாரம் நீயே ஓட்டு,
அப்புறம் இரும்பு விலைக்குப் பேசுவோம்."

ஓட்டிப் போகவில்லை அவள்.
வின்ச் போட்டு, அங்குலம் அங்குலமாய்
டிரெய்லரில் ஏற்றினாள்,
நான்கு சக்கரத்துக்கும் பட்டை கட்டினாள்.

என் கோட்டுப் பையில் அது இருந்தது.
ட்யூன் செய்தவன் கையெழுத்தில் ஒட்டியிருந்த சதுரத் தாள்:
தொண்ணூற்றெட்டு மட்டும். கிடைக்காவிட்டால் பூஸ்ட் கூடாது.
முந்தின இரவு என் மனைவியின் ஹேர் டிரையரால்
சூடு காட்டி, கிழியாமல் உரித்திருந்தேன்.
கெட்டிக்காரத்தனமாய் இருந்தது அப்போது.

பஞ்சும் நூலும் அப்பிய அதை நீட்டினேன்.
வாங்கவில்லை.
"நீயே வைத்துக்கொள்.
பசை அங்கேயே இருக்கிறது, சதுரமாய்,
இனிமேல்தான் தூசி படியணும்.
வேறொன்று எழுதி ஒட்ட அளவாய் இருக்கும்."

வண்டி போன பிறகு
பம்புக்கு நடந்தேன், பால் வாங்க.
கல்லாவில் இருந்த பையன் மொர்கன்,
"மாஸ்டா போய்விட்டதாமே, எப்படிப் போச்சு?"

சில்லறையை எடுக்கப் போன விரலில்
தாள் ஒட்டிக்கொண்டு வந்தது.
உதறினேன், போகவில்லை.
"கட்டி வைத்துத்தான்," என்றேன்.