கேள்வி எண் ஒன்பது

பீல் நகர மருத்துவமனை, நிலவறைத் தளம்.
கைக்கடிகாரம் செய்யும் ஊர் இது;
கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான்
இந்தக் கதவைத் தாண்ட வேண்டும்.
உள்ளே ஒரு காந்தம் விழித்திருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமையும், கிறிஸ்துமஸ் இரவும்,
படமெடுக்க ஆளில்லாத போதும்
யாரும் அதை அணைப்பதில்லை.

நான் மொழிபெயர்ப்பாளர்.
மணிக்கு இத்தனை பிராங்க், பயணப்படி தனி.
எட்டுக் கேள்விகளைச் சுலபமாகக் கடந்தோம்.
பேஸ்மேக்கர் இல்லை, பல்லில் கம்பி இல்லை,
மூடிய அறை பயமா, இல்லை.
பச்சை குத்தியிருக்கிறீர்களா?
தவயோகராசா சிரித்தார். இல்லை.

ஒன்பதாவதில் திருமதி எபிஷர் விரல் வைத்தார்:
உடம்புக்குள் ஃபெரோமாக்னேட்டிஷ் ஆன
அந்நியப் பொருள் ஏதேனும்?

என் நாக்கு நின்றது.
திருச்சியில் நான் படித்த புத்தகத்தில்
அது ஃபெர்ரோ காந்தப் பொருள்.
அதைச் சொன்னால் ஜெர்மனையே
கொஞ்சம் நீட்டிச் சொன்னதாகும்.
இரும்பு என்று விடலாமா?
சமையலறைக் கரண்டியும் எஃகுதான்,
காந்தத்தை அது ஏறிட்டும் பார்க்காது.
நிக்கல் இரும்பே இல்லை,
கூப்பிட்டால் ஓடிவரும்.
"காந்தம் இழுக்கிற..." என்று தொடங்கி
வாக்கியத்தின் நடுவில் நின்றேன்.

"அயக்காந்தம்," என்றார் அவர்.
"பௌதிகவியலில சி எடுத்தனான். கேளுங்கோ."

அயம்.
அகராதியில் அதற்கு இரும்போடு
நீரும் உண்டு, ஆடும் உண்டு, குதிரையும் உண்டு.
உங்கள் உடம்பில் குதிரை இருக்கிறதா
என்று கேட்டதுபோல் எனக்குக் கூச்சம்.

"இருக்கு," என்றார். வலது கெண்டைக்கால்.
"மிளகளவு. தொண்ணூறாம் ஆண்டு.
ஆனால் காந்தத்துக்கு என்னைப் பிடிக்காது."

பிடிக்காது.
ஜெர்மனில் இதற்கு இரண்டு வினைச்சொற்கள் வேண்டும்.
ஒட்டாது என்பதைச் சொன்னேன்;
மற்றதை வைத்துக்கொண்டேன்.

எப்படித் தெரியும், என்றார் எபிஷர்.

ஃபிரிஜ் கதவில் ஒரு மாட்டர்ஹார்ன் மலை,
அதன் முதுகில் கறுப்பாய் ஒரு வில்லை.
இரவு வேலை முடிந்து வந்து
சாக்ஸைக் கழற்றிக் காலில் வைத்துப் பார்ப்பாராம்.
கையை எடுத்தால் விழும்.
ஒவ்வொரு முறையும் விழுந்தது.
மனைவி கேட்டாராம்:
"ஒட்டினால் என்ன செய்யப்போறியள்,
கரண்ட் பில்லையும் அங்கேயே மாட்டுறதோ?"

எபிஷர் சிரித்தார். பிறகு
சிரிப்பை மடித்து வைத்தார்.
அந்த மலைக்கு ஒரு காகிதத்தைத் தாங்கத்தான் தெரியும்.
உள்ளே இருப்பது
கையிலிருக்கும் சாவிக்கொத்தைப் பிடுங்கும்,
நாற்காலியை நடக்கவைக்கும்.
மிளகளவையும் அது விசாரிக்கும்.
என்ன உலோகம் என்று எங்காவது குறிப்பு உண்டா?

"சுட்டவன் எழுதி அனுப்பேல்லைப் பிள்ளை."

அப்படியே சொன்னேன்.
சற்று நேரம் சுவருக்கு அப்பால்
குளிரூட்டும் பம்பு மட்டும்
குருவி போல் விட்டு விட்டுக் கத்தியது.

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
ஆம், இல்லை, தெரியாது.
எபிஷர் பேனா நீட்டினார்;
அதன் கிளிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு வாங்கினார்.
முப்பது வருடம் சோதித்த மனிதர்
தெரியாது என்பதில் கோடு போட்டார்.
முதலில் எக்ஸ்ரே. மற்றது அடுத்த வியாழன்.

லாக்கர் அறையில் நான் கடிகாரத்தைக் கட்டினேன்.
"எத்தனை நிமிடம் எழுதுவியள்?"
நாற்பது, என்றேன்.
"அதில அந்தச் சொல்லுக்கு எவ்வளவு?
சொன்னது நான்தானே."

எனவே காப்பி என் செலவு.
மேசையில் அமர்ந்ததும் சட்டைப்பையிலிருந்து
மாட்டர்ஹார்னை எடுத்தார். சாட்சிக்குக் கொண்டுவந்தாராம்,
லாக்கரில் வைக்கச் சொல்லிவிட்டார்கள்.
கரண்டியில் வைத்தார், வழுக்கி விழுந்தது.
கோப்பையில் வைத்தார், விழுந்தது.
குனிந்து மேசைக்காலருகே கொண்டுபோனார்.
டக்.

"இதுக்குப் பிடிக்குது," என்றார்,
பிடுங்கியெடுக்கக் கொஞ்சம் சிரமப்பட்டு.