ஐம்பத்திரண்டு-சி

வெள்ளி உப்பில் ஊறிய மூளையில்
நூறு அணுவுக்கு ஒன்றோ இரண்டோதான் கறுக்கும்.
ஏன் அந்த ஒன்று என்று
இன்றுவரை சரியாகத் தெரியாதாம்.
எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.
எண்ணுவதுதான் வேலை.

காரைக்குடியில், கல்லூரிச் சாலைக்குப் பின்னால்,
ஏசி இருமிக்கொண்டே ஓடும் அறையில்
அணுவின் நடுவே பென்சில் முனையை ஊன்றி
வட்டத்துக்கு வெளியே வட்டம் வரைவேன்.
கிளை எத்தனை இடத்தில் கோட்டை வெட்டுகிறது,
மயிரிழை அகலத்துக்கு எத்தனை முள்.

எந்த ஸ்லைடு எந்த எலி என்று சொல்லமாட்டார்கள்.
தெரிந்தால் கை ஒருபக்கம் சாயுமாம்.
ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்:
கம்பிவலைக் குழாயில் தினம் ஆறு மணி நேரம்
திரும்ப இடமின்றிக் கிடந்த எலியின் அணு
நாலாவது வட்டத்தோடு நின்றுவிடும்.
செத்திருக்காது. அதுதான் விஷயம்.
கையை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்.
கிளையெல்லாம் மொழுக்கென்று.
முள் போவது நஷ்டம் என்று
கருவை மண்டிய கண்மாய்க்கரையில் பிறந்த நான்
இங்கே வந்துதான் படித்தேன்.

அதே எலியில், கொஞ்சம் தள்ளி,
பயம் குடியிருக்கும் மூலையில்
கிளைமேல் கிளை.
மழை பொய்த்த வருடத்துச் சீமைக்கருவை.

கொழுந்தனாருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு
பதினாலு மாதம்.
அவர் சிங்கப்பூரா சேலமா, தெரியவில்லை.
காலை ஏழே முக்காலுக்குப் போன் வரும்.
"அடைக்கம்மை மேடம்தானே?"
குரலில் அவ்வளவு மரியாதை.

போன வாரம் அரியக்குடி கேட்டில்
ரயில் போய், கேட் தூக்கி,
பின்னால் அத்தனை ஹாரனும் அலற
எங்கே புறப்பட்டேன் என்று நின்றேன்.
மகள் பள்ளிக்கா, வங்கிக்கா.
தவணைத் தேதியும் வட்டியும் மட்டும்
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், பைசா பிசகாமல்.
நாலாவது வட்டம், என்றேன் வாய்விட்டு.
பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இன்று ஐம்பத்திரண்டு-சி.
கிளை ஏழாவது வட்டத்தைத் தாண்டிப் போகிறது.
குழாய் அறியாத எலி, என்று மனசுக்குள் எழுதினேன்.
சாயங்காலம் உறையைப் பிரித்து வாசித்தார்கள்:
குழாயில் இருபத்தொரு நாள்.
வெளியே விட்டு இருபத்தொரு நாள்.
பயத்தின் மூலை மட்டும் அடர்ந்தது அடர்ந்தபடி.

மறுபடி லென்ஸைத் திருகினேன்.
புது முள்ளுக்குக் கழுத்து மெலிசு, தலை இன்னும் திரளவில்லை.
திறந்துவிட்டது யார்,
திறந்ததும் ஓடி வந்ததா,
குழாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்ததா,
அதற்கெல்லாம் அட்டவணையில் கட்டம் இல்லை.

மேசையில் போன் அதிர்ந்தது.
பென்சிலைத் தூக்காமல் எண்ணினேன்.
இருபத்தெட்டு.
இருபத்தொன்பது.