நூற்றுக்கு ஒன்று

நாற்காலி செய்த கம்பெனி
இப்போது பாட்டும் செய்கிறது.
விஸ்கான்சினில், ஆற்றோரக் கொட்டகையில்
அரக்கும் கரியும் களிமண்ணும் குழைந்து
நீராவியில் நசுங்கித் தட்டாகி விழும்.

நூறு தட்டுக்கு ஒன்றை
முழுதாய்க் கேட்பது என் வேலை.
கேட்பது என்றால் பாட்டை அல்ல:
கீறல், கொப்புளம், ஊசி தாவும் இடம்.
"குறையை மட்டும் கேள், ஒட்டீலியா"
என்பார் ஃபோர்மன் ப்ராஸ்கே.

அக்டோபரில் ஒரு செவ்வாய்
லுடெல்லா ப்ரூயிட் வந்தாள்.
வந்தாள் என்றா சொன்னேன்?
இந்த ஊருக்கு அவள் வந்ததே இல்லை.
வந்தால், கறுத்த பெண்ணுக்கு
இரவு தங்க அறை கொடுக்கும் ஊரா இது.

சிகாகோவில் ஒரு தகரப் புனல்முன்
ஒரு மதியம் நின்றிருக்கிறாள்.
மேல் சுரத்துக்கு ஏறும்போது
ஓரடி பின்னால் போகிறாள்.
குரல் சிறுக்கவில்லை,
அறைதான் பெரிதாகிறது.

வாடகை பாக்கியைப் பற்றிய பாட்டு.
வீட்டுக்காரன் கதவைத் தட்டுகிறான்,
அவள் திறக்கவில்லை.
என் வீட்டுக்காரனுக்கு
எத்தனை இரவு திறந்தேன் என்று
எண்ணத் தொடங்கியவள்
ஊசி லேபிளை உரசும்வரை எழவில்லை.

இரண்டாம் நிமிடம் முடியும் இடத்தில்
ஒரு மூச்சு.
பாட்டில் சேராத மூச்சு.
பெட்டியோடு மாடியேறியவள் விடுவது.
ப்ராஸ்கே தலையை நீட்டினார்:
"என்ன இரைச்சல் அது? குறையா?"
"இல்லை" என்றேன்.
அவரிடம் நான் உரக்கச் சொன்ன
முதல் சொல் அதுதான்.

லேபிளில் அவள் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
அதைக் குறிக்க என் தாளில் கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதி வைத்தேன்.
அடுத்த ஐயாயிரமும்
அதே பிழையோடு தெற்கே ரயிலேறின.

பழுதானவற்றை உடைத்து
மறுபடி குழைப்பது வழக்கம்.
வெள்ளிக்கிழமை
பழுதே இல்லாத ஒன்றின்மேல்
சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டேன்.
குளிரில் அரக்கு விரிசல் விடும்;
கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துப்
பாலத்தைக் கடந்தேன்.
வாரம் பதினோரு டாலர் கூலியில்
முதல் திருட்டு.

வீட்டில் கிராமபோன் கிடையாது.

அவர் தூங்கிய பிறகு
சமையலறை மேசையில் தட்டை வைத்து
வெளி விளிம்பிலிருந்து
நகத்தால் மெல்ல உள்ளே வருகிறேன்.
இதோ, கதவு தட்டும் இடம்.
இதோ,
மூச்சு.