அசையாமல் ஒரு படம்

அஞ்சு ரோட்டு ஃப்ளெக்ஸ் கடைப் பையன் கேட்கிறான்:
"நேராப் பார்க்கிற மாதிரி ஒண்ணு இல்லையாக்கா?
முதலாம் ஆண்டு அஞ்சலிக்கு அதுதான் வைப்பாங்க."

பதினேழு வருஷக் குடித்தனத்தில்
நேராகப் பார்க்கிற படம் ஒன்று இல்லை, தம்பி.
கல்யாண ஆல்பத்தில் கண்ணை மூடியிருக்கிறார்,
வேண்டுமென்றே.
பூவரசன் காதுகுத்தில்
குழந்தைக்கு முன்னால் அவர் அழுகிறார்.
மற்றபடி,
யார் தலைக்கோ பின்னால் முளைத்த
இரண்டு விரல்தான் என் புருஷன்.

கம்பெனி அட்டை உண்டு. அதில் முறைக்கிறார்.
பச்சியண்ணன், சுரங்கப் பிரிவு, ஓ பாசிட்டிவ்.
அந்த ஆளை எனக்குத் தெரியாது.

வெள்ளைக்கல் சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து
மாமாங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார்,
புருவம் வரை மாவு.
கேட்டைத் திறந்ததும் அப்படியே நின்றுவிடுவார்,
ஒரு கால் தூக்கி, டிபன் கேரியர் தொங்க.
சிரிக்க வைத்தால்தான் சிலைக்கு உயிர்.
கோகிலா மூக்கைத் தூக்கிப் பன்றி முகம் காட்டுவாள்.
எண்ணியிருக்கிறேன், பத்து நொடி தாண்டியதில்லை.
வெள்ளை உதிர உதிரச் சிரிப்பார்.
கூட்டிப் பெருக்குகிறவள் நான்.

ஆடியில் குகை வண்டி வேடிக்கை.
சாமி வேஷம் அவருக்குக் கிடைத்ததே இல்லை.
சாமி என்றால் அசையாமல் உட்கார வேண்டும்;
"பச்சியண்ணனை உட்கார வெச்சா
சிவன் சிரிச்சிருவான்" என்பார்கள்.
அதனால் அசுரன்.
காலடியில் மிதிபட்டபடி
கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்ணடிக்கிற அசுரன்.

அதே ஸ்கூட்டரில் நாலு பேரும் ஏற்காடு கிளம்புவோம்.
ஏழாவது வளைவில் வண்டி மாட்டேன் என்றுவிடும்.
எங்களை இறக்கி நடக்கவிட்டு
முன்னால் போய்ப் புதருக்குள் குரங்குச் சத்தம் போடுவார்.
ஒருமுறை நிஜக் குரங்கே பதில் சொன்னது.
ஓடி வந்த வேகத்தில் ஒரு செருப்புப் போயிற்று.
மற்றதை எறிய விடவில்லை.
"ஜோடி வந்து தேடினா என்ன சொல்லுவ?"
இன்னும் கட்டிலடியில் கிடக்கிறது.

வெறும் விளையாட்டு என்று நினைக்காதே.
எனக்குக் காமாலை கண்ட இரண்டு மாதம்
அவரும் உப்பில்லாமல் தின்றார்.
தட்டுவடை செட் கடையைத் தாண்டும்போது
கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டியதாகச் சத்தியம் செய்தார்.
என் பாவாடையைத் துவைத்து
வாசல் கொடியில் உதறிப் போட்டார், தெருவே பார்க்க.
கோகிலாவுக்குத் தலை பின்னினார்,
ஒரு சடை காதுக்கு மேலே, ஒன்று கீழே.
லூர்து டீச்சர் அவிழ்த்துப் பின்ன வந்தபோது
இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு
"எங்கப்பா பின்னினது" என்றாளாம்.

பிறகு ஒரு மாதம்
மாடிப்படியில் மூன்று இடத்தில் சிலையாக நின்றார்.
ஆட்டம் என்றே நினைத்தோம்.
பூவரசன் கிச்சுக்கிச்சு மூட்டினான்.

எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்து
"உள்ளேயும் வெள்ளையடிச்சாச்சு,
பொங்கலுக்கு வீடு ரெடி" என்றார்.
டாக்டர் சிரிக்கவில்லை.
நான் சிரித்தேன், தம்பி. பழக்கம்.

ஐஸ் பெட்டியைச் சுற்றி நின்ற கூட்டத்தை விலக்கி
கோகிலா வந்தாள்.
கண்ணாடிமேல் குனிந்து மூக்கைத் தூக்கினாள்.
யாரோ இழுக்கப் போனார்கள்.
விடுங்கள் என்றேன்.
பத்து நொடி.
இருபது.
கண்ணாடியில் அவள் மூச்சு படிந்தது.

அன்றைக்கு மட்டும் அவர் ஜெயித்தார்.

பையில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்து நீட்டினேன்.
குகையில் எடுத்தது:
அசுர மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்க,
கோரைப்பல் நடுவே பாதித் தட்டுவடை.
பையன் பார்த்தான். உதட்டைக் கடித்தான்.
"மன்னிச்சுக்கங்க..." என்று தொடங்கி
சிரித்தேவிட்டான்.

"நீ தோத்துட்ட" என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
கண்ணைத் துடைத்துக்கொண்டு
"ஆறுக்கு நாலாக்கா, எட்டுக்கு ஆறா?" என்றான்.