சாய்கோடு

அறுநூற்றுப் பன்னிரண்டு சம்பளச் சீட்டில்
நாற்பத்தொன்று வரவில்லை.
பாயான் லெப்பாஸ், மூன்றாம் ஆலை,
இரவு பன்னிரண்டே கால்.
விடிந்தால் தீபாவளி முன்பணம்.

வந்தவற்றை மேசையில் பரப்பினேன்.
பின் வந்திருக்கிறது, பிந்தி வந்திருக்கிறது,
லிம், ஊய், தியோ எல்லாரும் இருக்கிறார்கள்,
நேப்பாளத்து குருங் ஆறு பேரும்.
வராதவர்கள் நாங்கள்தான்.

முதலில் கொஞ்சம் கோபப்பட்டேன்.
பழக்கம்.
பிறகு நிரலைத் திறந்தேன்.

இயோ என்பவர் எழுதியது, தொண்ணூற்றாறில்.
இப்போது பெர்த்தில் மீன் பிடிக்கிறாராம்.
போன மாதம்வரை பெயர்கள் கோப்பில் போயின,
இந்த மாதம் புதிய முறை,
கட்டளை வரியிலேயே போகின்றன.
இயோ வைத்த சட்டம் எளிது:
சாய்கோட்டை எங்கே கண்டாலும் அங்கே வெட்டு.
எல் என்றால் பட்டியல் மட்டும், அச்சு வேண்டாம்.
பி என்றால் அச்சுப்பொறி,
அதன் பெயர் பின்னால் வரும்.

தர்மசீலன் ஏ/எல் முனியாண்டி
பட்டியலில் ஒருமுறை தலைகாட்டித்
தாளுக்கு வராமல் போனார்.
குணவதி ஏ/பி அங்கமுத்துவுக்குத்
திரையில் பதில் வந்தது:
'அங்கமுத்து என்ற அச்சுப்பொறி கிடைக்கவில்லை.
இணைப்பைச் சரிபார்க்கவும்.'

சிரித்துவிட்டேன். காவலர் எட்டிப் பார்த்தார்.
வேலுச்சாமி கிடைக்கவில்லை.
ஆரோக்கியம் கிடைக்கவில்லை.
என் அப்பா சுப்பராயனும் கிடைக்கவில்லை.
கேட்டிருந்தால்
'மை தீர்ந்திருக்கும், பாரு' என்றிருப்பார்.
வரிசையாகப் பதினேழு அப்பாக்கள்.
பெண்கள் பதினெட்டு.
அதை அப்போது எண்ணவில்லை.

பெயரை மேற்கோளுக்குள் பொத்தி அனுப்பினேன்.
மேற்கோளை உரித்துவிட்டு
மறுபடி வெட்டியது.

ஒரு மணிக்குக் கீழே இறங்கினேன்.
சாலைக்கு அந்தப் பக்கம் கடை.
'தே ஓ, ஐஸ், கொசோங், புங்குஸ்' என்றேன்.
பக்கத்தில் நின்றவர்
'புங்குஸ், கொசோங், தே ஓ... ஆங், ஐஸ்' என்றார்.
கலக்குகிற பையன் நிமிர்ந்தே பார்க்கவில்லை.
சீனியில்லாமல் இரண்டு பை,
கழுத்தில் ஒரே மாதிரி ரப்பர் வளையம்.
எது தேநீர், எது அதன் குணம் என்று
அவனிடம் யாரும் வரிசைப்படுத்திச் சொல்வதில்லை.
பொறாமையாக இருந்தது.

திரும்பி வந்து இரண்டு விதி எழுதினேன்.
சொல்லின் தலையில் நின்றால்தான்
சாய்கோட்டுக்கு அதிகாரம்,
நடுவில் நின்றால் அது பெயரின் எலும்பு, தொடாதே.
அப்புறம்,
-- என்று இரட்டைக் கோடு வந்துவிட்டால்
அதற்கு மேல் கட்டளை கிடையாது,
வருவதெல்லாம் வந்தபடியே.

அச்சுப்பொறி இருமிக்கொண்டு எழுந்தது.
குணவதி முழுதாக வந்தாள், அங்கமுத்துவோடு.
நாற்பது சீட்டு, கையில் வெதுவெதுப்பாக.

நாற்பத்தொன்றில் நின்றது.
பிழை என்று சொல்லவில்லை.
கர்சர் மட்டும் மின்னி, அணைந்து, மின்னி.

மங்கையற்கரசி ஏ/பி -

அப்பா இருக்கவேண்டிய இடத்தில்
எந்தக் கவுண்டரிலோ யாரோ போட்ட கோடு.
தனிக் கோட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு:
கோப்பு இல்லை,
விசைப்பலகையில் அடிப்பதை வாங்கிக்கொள்.
அதையும் இயோ விடாமல் எழுதிவைத்திருந்தார்.
யாராவது சொல்லட்டும் என்று
உட்கார்ந்திருக்கிறது நிரல்.

மணி மூன்று.
சன்னலில் பாலத்து விளக்குகள்.
அவளைத் தெரியும், சோதனைப் பிரிவு,
நுண்ணோக்கியில் கண் வைத்தபடியே பேசுவாள்.
ஒரு பெயர் அடித்தால் போதும், நகர்ந்துவிடும்.
எந்தப் பெயரானாலும் வாங்கிக்கொள்ளும்.
விசைகளின் மேல் விரல்கள் இருந்தன
கொஞ்ச நேரம்.

பிறகு மூன்றாவது விதி:
கோடு வந்தால் கோடு.
கேள்வி கேட்காதே.

ஏழரைக்கு ஆலைப் பேருந்து வந்தது.
சீட்டை வாங்கினாள்.
பெயர் இருந்த வரியை அவள் பார்க்கவேயில்லை.
எண்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு
கீழே போனாள், நின்றாள்.

'அக்கா,
ஓ.டி. ரெண்டு மணி நேரம் கொறையுதே?'