பெரும்பொழுது இல்லாத ஊர்

எந்த மாதம் வரலாம் என்று
மறுபடியும் கேட்டிருக்கிறாய், சௌந்தரி.
ஒன்பதாவது முறை.
கைப்பேசியில் 'மாதம்' என்று தேடினேன்,
வருஷவாரியாக வந்து நின்றாய்.

எனக்கு வானிலை தெரியாது.
படுக்கை விரிப்புகள் தெரியும்.
சூலியா தெருவைச் சுற்றிப் பதினோரு விடுதிகளின் அழுக்கு
தினமும் என் கடை வாசலில் வந்து இறங்குகிறது.
மூட்டை பெருத்தால் சீசன்.
இளைத்தால் மழை, அல்லது புகை,
அல்லது உலகத்தில் எங்கோ ஒரு காய்ச்சல்.

ஒருமுறை தைப்பூசத்துக்கு வா என்பதுபோல ஏதோ எழுதி
பாதியில் மழுப்பியிருக்கிறேன்.
தண்ணீர்மலைக்குப் போகும் ரதத்தின் முன்னால்
உடைகிற தேங்காய்களைச் சொல்லி,
செருப்பு ரோட்டோடு ஒட்டிக்கொள்வதைச் சொல்லி,
அறை வாடகை மூன்று மடங்கு என்று முடித்திருக்கிறேன்.

ஜூனில் டுரியான்.
பாலிக் பூலாவில், விழுந்த சூட்டோடு பிளந்து தருவார்கள்.
விடுதியில் நான் பலாச்சுளை தின்றதற்கே
ராத்திரி முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்தவள் நீ.

ஆகஸ்டில், சில வருஷம்,
கடலுக்கு அப்பால் காடு எரியும்.
அக்கரையில் பட்டர்வொர்த் காணாமல் போகும்.
மொட்டை மாடிக் கொடியில் வெள்ளையாக ஏறியது
சாயங்காலம் பழுப்பாக இறங்கும்.

அக்டோபர், வேண்டாம், விடு.

மன்னார்குடியில் ஒன்பதாம் வகுப்புக்கு
கரும்பலகையில் ஆறு கட்டம் போடுகிறவள் நீ.
கார், கூதிர், முன்பனி, பின்பனி,
இளவேனில், முதுவேனில்.
அதில் ஒன்றைத் தொட்டுக் காட்டச் சொல்கிறாய்.
இங்கே முன்பனியும் பின்பனியும்
குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டில்தான் இருக்கின்றன.
பெரும்பொழுது இல்லாத ஊர் இது.
சிறுபொழுதை வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம்.

விடியலில் மெல்லிய ஒரு இளவேனில்,
ரொட்டிச்சானாய்க் கடையில் முதல் மாவு வீசும் வரைக்கும்.
ஒன்பதுக்கெல்லாம் முதுவேனில்
இரும்புக் கதவைத் தொட விடாது.
மூன்றரைக்குக் கார்.
அதற்கு முன் ஒரு காற்று வரும்,
நானும் பாத்திமாவும் மாடிக்கு ஓடுவோம்,
நாற்பது விரிப்புகளை நான்கு கைகளில் வாரிக்கொண்டு
படியில் இறங்கும்போது
எனக்கு முன்னால் போகிறவள் தெரிய மாட்டாள்.
ஆறு மணிக்குத் தெரு
கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு.
அப்போது படகுத்துறைக்குப் போய் நிற்பேன்.
எற்பாடு என்று
பரீட்சைக்கு முந்தின ராத்திரி நீ உருப்போட வைத்த சொல்
அங்கே மட்டும்தான் எனக்கு உபயோகப்படுகிறது.

அதனால் மாதத்தைக் கேட்காதே,
மணியைக் கேள்.

இதுவரை தட்டிவிட்டு, அனுப்பாமல்,
மேலே போய் என் எட்டு பதில்களையும் படித்தேன்.
மழை இருக்கிறது, விலை இருக்கிறது,
சீனப் புத்தாண்டுக்குக் கடைகள் பூட்டியிருப்பதுகூட இருக்கிறது.
'நவம்பர் வேண்டாம், வெள்ளம்' என்று ஒன்று.
அந்த நவம்பரில் தரை காய்ந்துதான் கிடந்தது.
தேவேந்திரன் போயிருந்தான்,
சலவை இயந்திரத் தவணையை என் பேரில் விட்டுவிட்டு.
வீட்டில் ஒரு நாற்காலி மிச்சம்.
அதை நீ பார்த்துவிடக் கூடாதென்று
பினாங்குத் தீவையே தண்ணீரில் முக்கினேன்.

உனக்கு லீவு மே மாதம்தான்.
ஒன்பது முறையும் அது எனக்குத் தெரியும்.
மே நல்ல மாதமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.
புழுங்கும்.
விரிப்பு ஒரு மணி நேரத்தில் காயும்.

திருச்சியில் ராத்திரி விமானம் பிடி,
கோலாலம்பூரில் மாறி
மூன்றரைக்கு முன்னால் இங்கே இறங்கிவிடு.
இன்று வந்த மூட்டையில்
நல்லதாக ஒரு விரிப்பைத் தனியே மடித்து வைத்திருக்கிறேன்.
விடுதிக்காரன் எண்ணுவான்.
ஒன்று குறையும்.