கழுத்தைத் திருப்புதல்

பூபாலன் போய்ப் பதினோரு மாதம்.
அவருடைய வண்டி மட்டும் வாசலில்
அவரைப் போலவே மூக்கை உயர்த்திக்கொண்டு.
பக்கி என்பார்கள் இந்த ஊரில்
சின்னச் சரக்கு வண்டியை. சிரிக்காதீர்கள்.
முப்பது வருடம் அந்தப் பக்கியில்
இடப்பக்க இருக்கை என்னுடையது.
மடியில் பை, பைக்குள் சில்லறை,
வாய்க்குள் ‘மெல்லப் போங்கள்’.

ஐம்பத்தாறு வயதில் உரிமம்.
முதல் முறை மேட்டில் பின்னால் உருண்டேன்,
இரண்டாம் முறை அழுதேன்,
மூன்றாம் முறை அதிகாரிக்கு அவசரம்.

சாட்ஸ்வர்த்தில் பங்களாதேஷ் சந்தை,
சனிக்கிழமை காலை ஏழு மணி.
கொத்தமல்லி இரண்டு கட்டு, முருங்கைக்காய்,
பையைப் பக்கத்தில் வைத்து
வண்டியைப் பின்னால் எடுத்தேன்.
பெரிய சத்தமில்லை.
தகர டப்பாவை யாரோ பொறுமையிழந்து
மூடியதுபோல.
வெள்ளைக் கார். ஓட்டுநர் கதவில்
உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம்.

யாரும் பார்க்கவில்லை.
கோழி விற்கும் பையன்
கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
கோழி என்னைப் பார்த்தது.

நான் போய்விட்டேன்.

இந்த வரியை எழுத
நான்கு நாள் பிடித்தது.

எப்போதோ ஒரு மழை இரவில்
யார் வீட்டுக் கேட்டையோ இடித்துவிட்டு
பூபாலன் நிற்காமல் வந்தார்.
இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.
சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து
நல்லவளாக இருப்பது
எவ்வளவு எளிது.

கொத்தமல்லி பைக்குள்ளேயே கறுத்தது.

வெள்ளி இரவு, மின்சாரம் இல்லாத நேரம்,
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சீட்டு எழுதினேன்:
‘உங்கள் கதவை இடித்தது நான். லோகாம்பாள்.’
கீழே தொலைபேசி எண்.
படித்துப் பார்த்தால் கடைசி இலக்கம் தவறு.
கை தவறியதா, நான் தவற விட்டேனா,
இன்னும் தெரியாது.
கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்,
ஒவ்வொரு இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லி,
யாரோ ஒருத்தியின் எண்போல.

மறு சனிக்கிழமை அதே இடத்தில் அதே கார்.
சீட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று.
டிக்கியைத் திறந்து பச்சைச் சோள மூட்டையை
இழுத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
பெயர் நொம்புசோ என்று பிறகு தெரிந்தது.
சொன்னேன். இங்கிலீஷில் சொன்னேன்,
தொண்டை மட்டும் தமிழில் அடைத்தது.

அவள் கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
காரைச் சுற்றி என்னை அழைத்துப் போனாள்.
பம்பரில் ஒன்று, பின்கதவில் இரண்டு,
விளக்குக்குக் கீழே ஒரு நீளக் கீறல்.
‘இதில் எது உங்களுடையது?’

சிறியதைக் காட்டியிருக்கலாம்.
விரல் அந்தப் பக்கம்
ஒரு அங்குலம் போனதை ஒளிக்க மாட்டேன்.

ஓட்டுநர் கதவைக் காட்டினேன்.
‘அதுவா,’ என்றாள்.
‘ஒரு வாரமாக அது திறக்கவில்லை.
மறுபக்கம் ஏறி, தவழ்ந்து வந்து
ஓட்டுகிறேன்.’
அவளுக்கும் என் வயதிருக்கும்.
முழங்காலைப் பார்த்தேன். வீங்கியிருந்தது.

ஆயிரத்து எண்ணூறு ராண்ட், மூன்று தவணை.
கட்டிப்பிடிக்கவில்லை, கண் கலங்கவில்லை,
‘பரவாயில்லை’ என்று அவள் சொல்லவே இல்லை.
கடைசித் தவணையை இரண்டு முறை எண்ணி
‘சரி’ என்றாள்.
நான்கு சோளம் வாங்கினேன்.
விலை குறைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பக்கியில் மூன்று கண்ணாடிகள் இருக்கின்றன.
மூன்றும் நல்ல கண்ணாடிகள்,
பூபாலன் துடைத்துத் துடைத்து வைத்தவை.
ஆனாலும் இப்போதெல்லாம் பின்னால் எடுக்கும்போது
கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்க்கிறேன்.
நரம்பு சுண்டி இழுக்கிறது.
வயதுதான் காரணம் என்கிறார் டாக்டர்,
தைலம் எழுதித் தருகிறார்.
தடவிக்கொள்கிறேன்.
திருப்புகிறேன்.